பெயர் வெட்டின பாத்திரங்கள்

பாகப்பிரிவினையில் வீடு என் மாமனாரின் தம்பிக்குப் போயிற்று. வீட்டுக்குள் இருந்த பாத்திரமெல்லாம் எங்களுக்கு வந்தது. பேசி முடித்த பெரியவர்கள் இதை என்ன யோசனையில் சொன்னார்களோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. வயல் சரிபாதி, தோப்பு சரிபாதி, அதெல்லாம் நியாயம்தான். ஆனால் வீடு ஒருவருக்கு, அந்த வீட்டுக்கே கொள்ளாத பாத்திரம் இன்னொருவருக்கு என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? தலையில் கவிழ்த்துக்கொண்டு நிற்பதா? மாமனார் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அத்தை, அதாவது என் மாமியார், பெரியவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு உள்ளே வந்து, "நல்லாத்தான் பிரிச்சிருக்காவ. ஏனம் பூரா நமக்கு" என்று பெருமையாகச் சொன்னாள்.

பெருமைக்கு என்ன குறைச்சல். மூன்று தலைமுறைக் கல்யாணச் சீர் அத்தனையும் அந்த வீட்டில் இருந்தது. ஆள் உட்கார்ந்து குளிக்கிற அளவுக்கு அண்டா, உருளி, தவலை, வெண்கலப் பானை, தாம்பாளம், அடுக்கு அடுக்காகப் போணி. ஒவ்வொன்றின் விளிம்பிலும் மாமனாருடைய அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும். தென்காசியில் எங்கள் தெருவில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் பாத்திரம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். சடங்கு, கல்யாணம், கருமாதி எதுவானாலும் சரி, முடிந்த மறுநாளே புளி போட்டுத் தேய்த்துத் திரும்ப வந்துவிடும். தெருவில் யாரும் ஒரு கரண்டியைக் கூட வைத்துக்கொண்டதில்லை.

என் கணவருக்கு அந்தப் பங்குனியில் குற்றாலத்தில் வேலை கிடைத்தது. ஒரு ஜமீன்தாரின் சீசன் பங்களாவைப் பார்த்துக்கொள்கிற வேலை. பங்களாவுக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு அடுப்படியும் குடியிருக்கக் கொடுத்தார்கள். அவர் முன்னால் போய்விட்டார். நான் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அந்த அடுப்படியில் நடுவில் உட்கார்ந்தால் அடுப்பு, உப்புச்சாடி, தண்ணீர்ப்பானை எல்லாம் கைக்கு எட்டும். ஜன்னலைத் திறந்தால் மலை. கண்டதுமே எனக்குப் பிடித்துப்போயிற்று. எனக்கு அப்போது கல்யாணமாகி ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமும் இருபது பேருக்கு உலை வைத்திருக்கிறேன். என்ன சமைக்கலாம் என்று ஒருநாளாவது யாரும் என்னைக் கேட்டதில்லை. அத்தையும் எங்களோடுதான் வரப்போகிறாள், அது பரவாயில்லை. மூன்று பேருக்கு ஒரு அடுப்படி, அது என் அடுப்படி. அதை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வரும்.

ஆனால் அத்தை ஒரு நிபந்தனை போட்டாள். "ஏனத்தை எல்லாம் ஒவ்வொரு கையிலயும் புடிச்சுக் குடுத்துட்டுத்தான் இந்த வாசலைத் தாண்டுவேன்" என்றாள்.

கடைத்தெருவில் பழைய பித்தளை எடுக்கிறவர் இருக்கிறாரே, கொடுத்துவிடலாமே என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். "வித்துட்டுப் போனா நாம நொடிச்சுப் போயிட்டோம்னு ஊரு பேசும். பேசட்டும்ங்கியா?"

"அப்பம் சின்ன மாமாகிட்டயே விட்டுட்டுப் போவோமே அத்தை."

"அவன் பொண்டாட்டி கையிலயா? ஒரு வருசத்துல எல்லாத்தையும் நெளிச்சு வச்சிருவா. நீ சும்மா இரிட்டி."

சின்ன மாமனார் நல்ல மனிதர். 'மெதுவாப் பாத்துக்கிடலாம் மதினி, என்ன அவசரம்' என்றார். அந்த 'மெதுவா'தான் எனக்குப் பயம். அப்போதே வைகாசி முடிகிற சமயம். அடுத்தது ஆனி, அது போனால் ஆடி. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆனிக்குள் பாத்திரம் போகவில்லை என்றால் நான் ஆவணி வரைக்கும் அந்தப் பெரிய அடுப்பை ஊதிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். என் கணவரோ ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் வந்து, சாப்பிட்டு, எல்லார் முன்னாலும் என்னிடம் 'சௌக்கியமா' என்று கேட்டுவிட்டுப் போவார். கட்டின புருஷன் விருந்தாளி மாதிரி வந்து போனால் யாருக்குத்தான் பொறுக்கும்.

சரி, கொடுக்க ஆரம்பித்தோம். அது கொஞ்ச நாள் திருவிழாவாகவே இருந்தது. தெருவே வந்தது. அத்தை ஒவ்வொருவரையும் பார்த்து, அவர்கள் வீட்டில் எத்தனை வாய், எத்தனை அடுப்பு என்று யோசித்து, அதற்கேற்ற பாத்திரத்தை எடுத்துக் கையில் கொடுப்பாள். "இது உனக்கு. திருப்பித் தரண்டாம். உனக்கேதான்" என்று தெளிவாகத்தான் சொன்னாள், நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். பாத்திரம் தவிர மற்ற சாமான்களும் போயின. கால் உடைந்த நாற்காலிகளைத் தச்சுவேலை செய்கிறவர் எடுத்துக்கொண்டார். பரணிலிருந்து ஒரு பல்லக்குக் கொம்பு இறங்கியது. பல்லக்கு எப்போது எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. துணி வெளுக்கிறவர் அதைத் தோளில் வைத்து, கொடி கட்ட ஆகும் என்று தூக்கிக்கொண்டு போனார். எதிர்வீட்டு அக்காவுக்கு நாலு பெண் பிள்ளைகள், இன்னும் நாலு கல்யாணம் பாக்கி. அவளுக்குப் பெரிய அண்டா. ஒரு வாரத்தில் உள்ளறை காலியாயிற்று. நான் என் புடவைகளை மடித்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கிவிட்டேன்.

மறுவாரம் பாத்திரங்கள் திரும்பி வர ஆரம்பித்தன.

முதலில் ஒரு தவலை வந்தது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று, உள்ளே மாம்பழம். அடுத்து ஒரு உருளி, அதற்குள் முருங்கைக்காய். பிறகு இரண்டு போணி, ஒன்றில் பச்சைப்பயறு. வாங்கிப்போனவர்களில் ஒருவரும் பாக்கியில்லை. கடைசியாக எதிர்வீட்டு அக்காவும் அவள் மூத்த மகளும் அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு வந்து முற்றத்தில் இறக்கினார்கள்.

"என்னட்டி இது? உனக்குன்னுதான குடுத்தேன்" என்றாள் அத்தை.

"ஆமா ஆச்சி, இல்லங்கல. வாரவ போறவ எல்லாம் 'பெரிய வீட்டு அண்டா இன்னும் இங்கனதான் கெடக்கா, திருப்பிக் குடுக்கலியா'ன்னு கேக்குதாளுவ. நான் என்ன சொல்லட்டும்?"

"ஆச்சி குடுத்துட்டான்னு சொல்லு."

"சொன்னா நம்பணும்லா. பேரு வெட்டிக் கெடக்கே ஆச்சி. நாளைக்கு எம்மவள பாக்க வாரவுக அதைப் பாத்தா, இரவல் வாங்கின ஏனத்தை அமுக்கிக்கிட்ட வீடுன்னு நெனைக்க மாட்டாவளா?"

எல்லாருக்கும் இதே கதைதான். அந்தத் தெரு அவ்வளவு யோக்கியமான தெரு. யாருடைய பெயர் இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் பாத்திரம் போய்ச் சேரவேண்டும், அதைத் தவிர வேறொன்றும் அவர்களுக்குத் தெரியாது. இதில் இன்னொரு கூத்து. பெரிய வீட்டில் பாத்திரம் ஒழிக்கிறார்கள் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவி, என்றைக்கோ இரவல் போய் மறந்துபோனதெல்லாம் வர ஆரம்பித்தது. மாமனார் கல்யாணத்துக்கு முன்னால் போன ஒரு தாம்பாளம் இலத்தூரிலிருந்து வண்டியேறி வந்தது. கொண்டுவந்தவர் இத்தனை காலம் ஆனதற்கு மன்னிப்பு வேறு கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் வந்தார். உள்ளறையை எட்டிப்பார்த்துவிட்டு, "போன தடவைக்கு இப்பம் கூடுதலால்லா இருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "சிரியுங்க, நல்லா சிரியுங்க. அங்கன நீங்க ஒத்தையில சாரல் பாத்துக்கிட்டு இருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்து அழுதேன். ஆனி பாதிக்கு மேல் போயிருந்தது. அடுப்படியில் என்னைச் சுற்றிலும் பாத்திரம். ஒவ்வொன்றிலும் நான் கண்ணாலும் பார்த்திராத ஒரு பெரியவரின் பெயர்.

அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "எதுக்குட்டி அழுத? பேரை அரத்தால ராவி எடுத்திரலாம்னு சொல்லுதியா? செத்துப்போன மனுசன் பேரை நான் ராவ மாட்டேன்" என்றாள்.

"ராவ வேண்டாம் அத்தை. அந்தப் பேருக்குக் கீழ அவுகவுக பேரையும் வெட்டிக் குடுத்துத் தொலைங்க" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, ஆத்திரத்தில் சொன்னது.

அத்தை எழுந்து வாசலுக்குப் போய், பாத்திரத்தில் பெயர் வெட்டுகிறவரைக் கூட்டிவரச் சொல்லி ஆளனுப்பினாள்.

அவர் மறுநாள் காலையில் உளியும் சுத்தியலுமாக வந்து முற்றத்தில் உட்கார்ந்தார். தெருவுக்குச் சொல்லியனுப்பினோம். பெண்கள் எல்லாரும் வந்து, எடுத்துப்போய்த் திருப்பிக் கொடுத்த பாத்திரத்தை அவரவர் மறுபடி எடுத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். முதல் பாத்திரம் அண்டா. பெயர் என்ன என்று அவர் கேட்டார். எதிர்வீட்டு அக்கா திருதிருவென்று விழித்தாள். பாத்திரத்தில் வெட்டுவது வீட்டு ஆம்பிளை பெயர்; புருஷன் பெயரை அவள் வாயால் எப்படிச் சொல்லுவாள்? மகளைப் பார்த்தாள். அவளோ அப்பா பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு அம்மா முதுகுக்குப் பின்னால் போய்விட்டாள். எல்லாப் பெண்களுக்கும் இதே சங்கடம் என்று அப்போதுதான் தெரிந்தது. பெயர் சொல்ல ஆண்பிள்ளைகளைக் கூட்டிவர ஒருத்தி எழுந்தாள்.

"உக்காருட்டி" என்றாள் அத்தை. "அவன் பேரு என்னத்துக்கு? அவனா வந்து அண்டாவுல சோறு பொங்கப் போறான்? உன் பேரைச் சொல்லு."

அக்கா தன் பெயரைச் சொன்னாள். சன்னமாகத்தான் சொன்னாள். உளி டக் டக் என்று விழ ஆரம்பித்தது. எழுத்து எழுத்தாகப் பெயர் வருவதை எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தோம். அக்காவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. வெட்டி முடித்ததும் விரலால் அதைத் தடவிப் பார்த்து, "இதுதானா" என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான், அப்புறம் எனக்கு உனக்கு என்று ஒரே ஆரவாரம். ஒருத்திக்குப் பெயர் நீளம், போணி சின்னது. அவள் பெரிய போணி கேட்டாள். இன்னொருத்தி பிறந்த வீட்டில் கூப்பிடுகிற பெயர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். நடுவில் சாரல் அடித்து, எல்லாரும் பாத்திரத்தோடு தாழ்வாரத்துக்கு ஓடினோம். பெயர் வெட்டினவருக்குக் கூலியோடு ஒரு உருளியும் அத்தை கொடுத்தாள். அதில் அவர் தன் பெயரை வெட்டிக்கொண்டார்; மற்றவர்கள் பெயரைவிட எழுத்து கொஞ்சம் பெரிதாகவே விழுந்திருந்தது.

இந்தத் தடவை ஒரு பாத்திரமும் திரும்பி வரவில்லை. நான் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஆனி முடிவதற்குள் ஒரு நல்ல நாள் பார்த்துக் கிளம்பினோம். ஒரே ஒரு மாட்டுவண்டி, அதிலும் நானும் அத்தையும் கால் நீட்டி உட்கார இடம் இருந்தது. மேலகரம் தாண்டியதும் எதிர்க்காற்றில் சாரல் வந்து முகத்தில் விழுந்தது. குடையை விரிக்கப் போனேன். வேண்டாம் என்றாள் அத்தை. பங்களா வாசலில் அவர் நனைந்துகொண்டு நின்றார். அன்றைக்கு என்ன சமைக்கலாம் என்று கேட்டார். முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிறகு ரசம் வைத்தேன். பழக்கதோஷத்தில் தெருவுக்கே போதுகிற அளவுக்கு வைத்துவிட்டேன். மறுநாளும் அதையேதான் குடித்தோம், ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஆடி பிறந்தது. அருவியில் நல்ல தண்ணீர். முதல் ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெருப் பெண்கள் மூன்று வண்டி கட்டிக்கொண்டு குளிக்க வந்து இறங்கினார்கள். அருவி ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அத்தை சீசனில் வந்ததே இல்லையாம். சீசனில்தான் வெளியூர் உறவெல்லாம் குளிக்க வந்து எங்கள் வீட்டில் தங்கும், அவளால் அடுப்படியை விட்டு நகர முடியாது. அன்றைக்கு அக்காவும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளை அருவிக்குள் இழுத்துப் போனோம். முதலில் ஐயோ ஐயோ என்றாள். பிறகு எவ்வளவு கூப்பிட்டும் வெளியே வரமாட்டேன் என்றாள்.

குளித்துவிட்டு வந்தவர்கள் எங்கள் பின்கட்டிலே வட்டமாக உட்கார்ந்தார்கள். அண்டாவில் புளிச்சோறு, தவலையில் தயிர்ச்சோறு, போணியில் துவையல். எல்லாம் அவர்களே ஆக்கிக் கொண்டுவந்தது. எனக்கு அன்று அடுப்பு மூட்டுகிற வேலையே இல்லை. பசியென்றால் அப்படி ஒரு பசி, அண்டா தரைதட்டிவிட்டது.

வண்டி பூட்டுகிற நேரம். அத்தை வழக்கம்போல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, பாத்திரங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, அண்டாவின் காதைப் பிடித்து எங்கள் அடுப்படிப் பக்கம் இழுக்க ஆரம்பித்தாள். விசேஷம் முடிந்தால் பாத்திரம் வீட்டுக்குள் போகவேண்டும். நாற்பது வருஷப் பழக்கம் அது. எதிர்வீட்டு அக்கா ஓடிவந்து மறுகாதைப் பிடித்தாள்.

"எங்க ஆச்சி கொண்டு போறிய? இது என்னோடதுல்லா" என்றாள்.

அத்தை காதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தாள், விளிம்பைப் பார்த்தாள். அடுத்த நொடி அத்தை சிரிக்க ஆரம்பித்தாள். பல் தெரிய, வயிறு குலுங்க, ஈரத்தலை அவிழ்ந்து முதுகில் விழ அப்படிச் சிரித்தாள். அந்தத் தென்காசி வீட்டில் ஆறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"ஆமாட்டி, உன்னதுதான்" என்றாள். "வீட்டுக்குப் போயி நல்லா வெளக்கு. அடியில சோறு ஒட்டிக் கெடக்கு."