ஓடக்காரனைக் காதலிக்கலாமா

கட்டுப்பல், பல்லுக்கு மேல் மாட்டும் கேப் என்று வாய்க்குள் போகிற எதையும் செய்துகொடுக்கும் ஒரு சின்ன லேபில் அவளுக்கு வேலை. மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் வடித்து, பீங்கானில் சுட்டு, சாயம் ஏற்றித் திருப்பி அனுப்புவாள். ஊரில் எத்தனையோ பேர் அவள் கைவேலையால்தான் மென்று தின்றுகொண்டிருந்தார்கள். அவளை ஒருவரும் பார்த்ததில்லை. கூட வேலை செய்கிறவர்கள் அவளைப் பல்லக்கா என்று கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் அவளுக்கே பிடித்துப்போய், இணையத்தில் ஒரு ரசிகர் குழுவில் சேர்ந்தபோதும் அதையே வைத்துக்கொண்டாள்.

சினிமா நடிகருக்கான குழு இல்லை அது. ஒரு வீடியோ கேமுக்கான குழு.

அவள் புருஷனைப் பிரிந்து அக்கா வீட்டுக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பெரிய சண்டை எதுவும் இல்லை. இரண்டு பேரும் ஒரே மேஜையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிடப் பழகிவிட்டார்கள், அவ்வளவுதான். ஒருநாள் அவளுக்கே அது பொறுக்கவில்லை, பெட்டியைக் கட்டினாள். கொஞ்ச நாள் தங்கலாம் என்று வந்தவள், வந்த சுவடு தெரியாமல் அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டாள். அக்கா மகள் வெளியூருக்குப் படிக்கப் போனபோது தன் கேம் பெட்டியை அவள் கையில் கொடுத்து, "சித்தி, தூசி பிடிக்காம அப்பப்ப ஆன் பண்ணி வை" என்றாள். தூசி பிடிக்க அதற்கு அப்புறம் வாய்ப்பே கிடைக்கவில்லை.

ஒரு பாத்திரமாகவே மாறி, ஊர் ஊராகச் சுற்றி, கூட வருகிறவர்களோடு பேசிப் பழகுகிற ரகம் அந்த விளையாட்டு. வெள்ளத்தில் பாதி மூழ்கிப்போன ஒரு தேசம். நாயகியோடு ஒரு படைத்தலைவன், ஒரு திருடி, ஒரு வைத்தியன் வருவார்கள். பதமாகப் பேசினால் அவர்கள் தலைக்கு மேல் சின்னச் சின்ன இதயங்கள் ஏறும். ஏடாகூடமாகப் பேசினால் இறங்கும். இதயம் நிரம்பினால் காதல். சண்டைக் காட்சிகளில் பல்லக்காவுக்கு விரல் பின்னிக்கொள்ளும். காதல் காட்சி என்றால் மட்டும் ஒரு வார்த்தை தவறாது. ஒரே காட்சியை ஒவ்வொரு பதிலாகச் சொல்லிச் சொல்லித் திரும்பத் திரும்ப ஆடிப் பார்ப்பாள்.

அக்கா புருஷன் பஸ் ஓட்டுநர். காலை ஷிஃப்ட் முடித்து மத்தியானமே வீட்டுக்கு வந்துவிடுவார். முதலில் "என்ன பாப்பா, பொம்மைகிட்ட வழியறே" என்று கிண்டலடித்தவர், ஒரு மாதத்தில் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து யோசனை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்.

"அந்தப் படைத்தலைவன் நல்ல பையன். நிரந்தர வேலை. சொந்தமா குதிரை வேற."

"அவன் எப்பப் பாரு தன் வாளைப் பத்தியே பேசறான் மாமா."

"ஆம்பளைன்னா ஏதாவது ஒண்ணைப் பத்திப் பேசத்தான் செய்வான். நான் பஸ்ஸைப் பத்திப் பேசறதில்லையா?"

"அதைத்தான் அவளும் சொல்றா" என்றாள் அக்கா, அடுக்களையிலிருந்து.

ஆனால் பல்லக்காவுக்குப் பிடித்தது இந்த மூவரும் இல்லை, ஓடக்காரன். கதையில் எங்கே போவதானாலும் அவன் ஓடத்தில்தான் போக வேண்டும். தலைமுடி கொஞ்சம் நரைத்தவன், அதிகம் பேசாதவன். ஏறி உட்கார்ந்ததும், "துடுப்பு வேணும்னா பிடி, வேணாம்னா சும்மா உக்காரு" என்பான். அவன் தலைக்கு மேல் இதயம் கிடையாது. நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும் கேட்டுக்கொண்டு அக்கரையில் இறக்கிவிடுவான். லேபில் யாரிடமாவது திட்டு வாங்கிய நாட்களில் அவள் கதையைத் தொடமாட்டாள். ஓடத்தில் ஏறி அங்கும் இங்கும் போய் வருவாள். அதிலேயே மனசு லேசாகிவிடும்.

விளையாட்டை உருவாக்கியவர்கள் புதிதாக ஒரு பகுதி சேர்க்கப்போவதாக அறிவித்ததும் ரசிகர் குழுவில் ஒரே அமளி. ஓடக்காரனையும் காதலிக்க வழி வேண்டும் என்று கையெழுத்து இயக்கமே ஆரம்பித்துவிட்டார்கள். பல்லக்கா ஒருத்திதான் குறுக்கே நின்றாள். 'நாம பேசற ஒவ்வொரு வார்த்தைக்கும் மார்க் போடாத ஒரே ஆள் இவன்தான். இவன் தலையிலயும் இதயத்தை மாட்டிட்டா, அப்புறம் நாம எங்கே போய் உக்காருவோம்?' என்று எழுதினாள்.

பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்கு வேண்டாம் என்றால் ஒதுங்கிப் போங்கள் என்றார் ஒருவர். காதல் இல்லாவிட்டால் இந்த விளையாட்டில் வேறு என்ன இருக்கிறது, வெள்ளமும் சேறும்தானே என்றார் இன்னொருவர். எல்லாரையும்விடக் காரமாக எழுதியவள் 'முள்ளங்கி' என்ற பெயரில் இருந்த ஒருத்தி. 'ஏங்க, அவன் என்ன உங்க வீட்டு நாற்காலியா, நீங்க வந்து உக்காரறதுக்கு மட்டும்?' என்று கேட்டிருந்தாள்.

அந்த வரி பல்லக்காவைச் சுருக்கென்று தைத்தது. பதிலுக்கு அவளும் விடவில்லை. மாதக்கணக்கில் இரண்டு பேரும் விட்டேனா பார் என்று மோதிக்கொண்டார்கள். மற்றவர்கள் பாப்கார்ன் படம் போட்டு வேடிக்கை பார்த்தார்கள். அக்கா புருஷன் தினமும் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதல் வேலையாக, "இன்னிக்கு முள்ளங்கி என்ன சொல்றா?" என்று கேட்பார்.

அக்காவுக்கு மட்டும் இதில் வேறு கவலை. "டிவியில இருக்கிறவன் யாரைக் கட்டிக்கணும்னு இவ்வளவு யோசிக்கிறியே, உன்னைப் பத்திக் கொஞ்சம் யோசிச்சா என்னடி?" என்பாள். தபால் ஆபீசில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களின் தம்பி, மச்சான் என்று யாரையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். பல்லக்கா சிரித்து மழுப்பிவிடுவாள்.

இந்த நிலையில் குழுவினர் நேரில் சந்திக்கலாம் என்று முடிவானது. எல்லாரும் வருகிறேன் என்று எழுத, முள்ளங்கி மட்டும் வரவில்லை என்றாள். ஹேர் கிளிப்பைப் பல்லால் பிரிக்கப் போய் முன்பல் பாதி உடைந்துவிட்டது, வாயைத் திறந்தால் ஜன்னல் தெரிகிறது, பல் டாக்டர் என்றாலே தனக்குக் கைகால் உதறும் என்று புலம்பியிருந்தாள்.

பல்லக்கா அதைப் படித்துவிட்டு ஒரு வாய் காபி குடித்தாள். பிறகு முள்ளங்கிக்குத் தனியாக எழுதினாள். 'எங்க லேபுக்குப் பக்கத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. கை பஞ்சு மாதிரி இருக்கும். பல்லை நான் செய்யறேன். அதுவரைக்கும் நம்ம சண்டைக்கு லீவு.'

ராத்திரிதான் பதில் வந்தது: 'வேணும்னே கோணலா செஞ்சுட மாட்டீங்களே?'

வந்தவளைப் பார்த்து பல்லக்காவுக்கு ஆச்சரியம். எழுத்தை வைத்து அவள் மனசில் வரைந்திருந்த ராட்சசி வேறு. இவள் ஒடிசலாக, தோளில் கனமான பையோடு, வாயைக் கையால் மூடியபடி நின்றாள். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். ஆம்புலன்ஸுக்கு வரும் அழைப்புகளை எடுத்துப் பேசுவது அவள் வேலை. டாக்டரம்மா உடைந்த இடத்தைச் சீராக்கி அளவெடுத்த பிறகு, சாயம் பார்ப்பதற்காகப் பல்லக்கா அவளை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தாள். சாவிக்கொத்துபோலக் கோத்த மாதிரிப் பற்களைப் பக்கத்துப் பல்லோடு ஒவ்வொன்றாக ஒட்டிப் பார்த்தாள்.

"ஈன்னு காட்டுங்க. அப்படியே வச்சுக்குங்க, மூடக் கூடாது."

முள்ளங்கி ஈ என்று காட்டினாள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது என்று பல்லக்காவுக்குத் தோன்றிவிட்டது.

"நான் என்ன சொல்றேன்னா, ஓடக்காரன்கிட்டதான் நாம நாமளா இருக்க முடியுது. ஒண்ணு தப்பாச் சொல்லிட்டா இதயம் இறங்கிடுமோன்னு பயமில்ல. அதையும் கெடுக்கணுமா?"

"ஆ... ஊ..." என்றாள் முள்ளங்கி.

"மூடாதீங்க. இன்னும் பாத்து முடியல. வீட்டுலயும் வெளியிலயும் நாம எவ்வளவு பாத்துப் பாத்துப் பேசறோம்? ஒருத்தன்கிட்டயாவது அது வேண்டாமேங்கறேன்."

முள்ளங்கியின் கண்கள் மட்டும் உருண்டன. நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். மாதிரிப் பற்களைப் பல்லக்கா கீழே வைத்ததுதான் தாமதம், மடை திறந்த மாதிரி பேச்சு வந்தது.

"அக்கா, இது அநியாயம்! வாயைத் திறக்க வச்சுட்டு வாதாடறீங்க!"

அடுத்த அறையில் டாக்டரம்மா சிரிப்பது கேட்டது.

"சரி, இப்ப நீங்க சொல்லுங்க."

முள்ளங்கி ஒரு மிடறு தண்ணீர் குடித்தாள். குரல் தணிந்துபோயிருந்தது.

"நீங்க சொல்றதெல்லாம் உங்களுக்கு என்ன கிடைக்குதுங்கறதுதான். அவனுக்கு? யார் கூப்பிட்டாலும் வரான். ஏத்திக்கிறான், இறக்கி விடறான். கதை முழுக்க ஒரு ஆள்கூட அவனைப் பாத்து நீ எப்படி இருக்கேன்னு கேக்கறதில்ல. நானும் நாள் முழுக்க ஃபோனை எடுத்து, எங்கே இருக்கீங்க, என்ன ஆச்சு, பயப்படாதீங்க, வண்டி வருதுன்னு சொல்றேன். வண்டி போய்ச் சேந்ததும் வச்சுடுவாங்க. அது சரிதான், அந்த நேரத்துல அவங்க வேற என்ன பண்ணுவாங்க? ஆனா வீட்டுக்குப் போனா என் வீட்டுக்காரர் முகத்தைப் பாத்துட்டு, இன்னிக்கு மோசமான நாளான்னு கேப்பாரு. அந்த ஒரு கேள்வி போதும் எனக்கு. அது ஓடக்காரனுக்கும் கிடைக்கட்டுமேன்னுதான் கேக்கறேன்."

பல்லக்கா மாதிரிப் பற்களை மறுபடி கையில் எடுத்தாள். எத்தனை நாள் அந்த ஓடத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்! தன் பாரத்தை இறக்கிவைக்க அது ஒரு இடம் என்று நினைத்தாளே தவிர, துடுப்பு போடுகிறவனுக்குக் கை வலிக்கும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. நாற்காலி என்று முள்ளங்கி சொன்னது ஏன் அப்படித் தைத்தது என்று இப்போது புரிந்தது.

"பக்கத்துப் பல்லுல ஓரமா ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கு" என்றாள் கடைசியில். "அதையும் வச்சுடறேன். இல்லேன்னா புதுசுன்னு காட்டிக் கொடுத்துடும்."

பல் பிரமாதமாக அமைந்தது. பொருத்திய அன்று முள்ளங்கி கண்ணாடியை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். எது தன் பல், எது பல்லக்காவின் பல் என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் முகம் பூவாய் மலர்ந்தது. தான் செய்த பல் ஒருவர் சிரிப்பில் இருப்பதை இத்தனை வருஷத்தில் பல்லக்கா நேரில் பார்த்தது அதுதான் முதல் தடவை. லேபுக்குத் திரும்பி நடக்கும்போது காரணமில்லாமல் அவளும் சிரித்துக்கொண்டே போனாள்.

குழுச் சந்திப்புக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். சண்டையைப் பார்க்க ஆசையோடு வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. பல்லக்கா எழுந்து, "எனக்கு இன்னும் அந்த இதயம் பிடிக்கல. ஆனா அவனைக் காதலிக்கக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு" என்றாள். "கட்சி மாறிட்டீங்களா?" என்று யாரோ கத்தினார்கள். "பாதி மாறிட்டேன்" என்றாள்.

புதிய பகுதி வெளிவந்தது ஒரு விடுமுறை நாளில். முள்ளங்கி தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அக்காகூட வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

பல்லக்கா ஓடத்தில் ஏறியதும் ஓடக்காரன் தலைக்கு மேல் பளிச்சென்று ஒரு இதயம் வந்தது.

"மாட்டிட்டாங்க, பாவிங்க!" என்றாள்.

"பேசாம விளையாடுங்கக்கா" என்றாள் முள்ளங்கி.

ஆனால் எழுதியவர்கள் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆற்றின் நடுவில் திரையில் ஒரு புதிய கேள்வி வந்தது: நீ எப்பவாவது கரையில இறங்கியிருக்கியா? பல்லக்கா அதையே தேர்ந்தெடுத்தாள். ஓடக்காரன் துடுப்பை நிறுத்தினான். "யாரும் கேட்டதில்ல" என்றான். நாயகி அவன் கையிலிருந்து துடுப்பை வாங்கி, முதல் தடவையாக அவனை உட்காரவைத்து ஓட்டினாள். துடுப்பை அவளுக்குச் சரியாகப் போடத் தெரியவில்லை, ஓடம் வட்டமடித்தது. அவன் சிரித்தான். அவன் சிரித்து யாரும் அதுவரை பார்த்ததில்லை.

அக்கா புருஷன் மூக்கை உறிஞ்சிவிட்டு, தூசி என்றார்.

"முத்தம் குடுக்கற நேரத்துல கேமராவை ஆத்துப் பக்கம் திருப்பிட்டானுங்களே" என்றாள் முள்ளங்கி. "இதுக்கா இத்தனை கையெழுத்து!" அவள் வீட்டுக்காரர் அப்போதுதான் நிமிர்ந்து, "அந்த ஓடம் சின்னதாச்சே, ரெண்டு பேரும் நின்னா கவுந்துடாதா?" என்று கேட்டார். அதன் பிறகு சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

அவர்கள் கிளம்பிப் போனதும், பாத்திரம் துடைத்தபடியே அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா உனக்கு இப்படி ஒண்ணு வேணும்னு தோணவே இல்லையாடி?"

இந்தத் தடவை பல்லக்கா சிரித்து மழுப்பவில்லை. "இப்ப எனக்கு நல்லா இருக்குக்கா. வேலை பிடிச்சிருக்கு. இந்த வீட்டுல எல்லார் முகத்தையும் பாத்துச் சாப்பிடறேன். ஏதாவது தோணுச்சுன்னா கட்டாயம் சொல்றேன்."

"என்கிட்டதானே மொதல்ல சொல்லுவே? அந்த முள்ளங்கிகிட்ட இல்லையே?"

"உன்கிட்டதான்."

அக்கா அவள் முகத்தை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். அப்புறம் தம்பி, மச்சான் பேச்சை எடுக்கவில்லை.

கூடத்தில் அக்கா புருஷன் கன்ட்ரோலரை எடுத்து வைத்துக்கொண்டு தனக்கென்று புதிய ஆட்டம் ஆரம்பித்திருந்தார். முகம் கொள்ளாத மீசையோடு ஒரு வீரனை உருவாக்கி, நேராகத் திருடியிடம் போய் நின்றார். மூன்று பதில்களில் மிக மோசமானது எதுவோ அதை அழுத்தினார். திருடி ஓங்கி ஓர் அறை விட்டாள்.

"நான் நல்லதாத்தானே சொன்னேன்?" என்றார் கன்னத்தைத் தடவியபடி.

"என்கிட்டயும் மொதநாள் இப்படித்தான் பேசினீங்க" என்றாள் அக்கா. "தள்ளுங்க, நான் சொல்றதை அமுக்குங்க."

மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.