நான் இல்லை என்று சொன்ன ரைபிள்

நான் பொய் சொன்னேன். உண்மை பேசிய ஒரு மனிதரைப் பொய்யராக்கும் பொய். தெரிந்தே சொன்னேன், பத்துப் பேர் பார்க்கச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.

வாய் தவறியிருக்கும் என்று எனக்காகச் சமாதானம் தேடாதீர்கள். தேடிப் பார்த்து அலுத்தவன் நான்!

தேனி பஜாரில் அப்பா விட்டுச்சென்ற துப்பாக்கிக் கடை என்னுடையது. அரசாங்க உரிமம் பெற்ற கடை. ஏலக்காய்த் தோட்டக்காரர்களும், காட்டுப்பன்றியால் நொந்த விவசாயிகளும் தோட்டா வாங்க வருவார்கள், பழுது பார்க்க வருவார்கள். துப்பாக்கியைப் பற்றி எந்தச் சந்தேகம் வந்தாலும் இந்தப் பக்கத்தில் "அண்ணாச்சியக் கேளுங்க" என்பார்கள். அந்த ஒரு பேச்சில்தான் நான் நெஞ்சு நிமிர்த்தி நடந்தேன். ஆனால் எனக்கென்ன தெரியும்? ஒற்றைக் குழலும் இரட்டைக் குழலும் தெரியும். ராணுவ ரைபிள் ஒன்றைத் தொட்டதுகூட இல்லை. எல்லாம் கேட்லாக் படித்து வந்த ஞானம்!

தங்கப்பாண்டி சுருளிப்பட்டிக்காரர். ராணுவத்தில் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். உரிமத்தோடு ஓர் ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருந்தார். ஒருநாள் நான் பழுது நீக்கி ஒரு விவசாயியிடம் கொடுத்த துப்பாக்கியைத் தங்கப்பாண்டி தன் கையில் வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கோவிச்சுக்கிறாதீக அண்ணாச்சி. தோட்டாவ அடிக்கிற இந்த ஃபயரிங் பின்னு கொஞ்சம் கட்டையா இருக்கு. அடிச்சா வெடிக்காது."

வெடிக்கவில்லை. சோதித்துப் பார்த்தோம், வெடிக்கவேயில்லை! கடையில் நாலு பேர் நின்றார்கள். அவர் கேலி செய்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தி, அன்றோடு மறந்திருப்பேன். அந்த மனிதர் என்னை மதித்துச் சொன்னாரே... அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று இரண்டு வாய்க்கு மேல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா?

அவர் அடிக்கடி சொல்லும் ஒரு செய்தி உண்டு. வெளிநாட்டில் கைத்துப்பாக்கி மட்டுமே செய்து பேர் வாங்கிய ஒரு கம்பெனி, ராணுவத்துக்கென்று ரகசியமாக ஒரு ரைபிள் செய்திருக்கிறதாம். இன்னும் வெளியே விடவில்லையாம். உடம்பெல்லாம் பிளாஸ்டிக்காம், குழலை ஸ்பேனர் இல்லாமலே கழற்றலாமாம். ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் சோதனைக்கு வந்தபோது அதைத் தன் கையால் கழற்றி மாட்டினாராம்.

முதலில் நான் நேர்மையாகத்தான் எடைபோட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். கைத்துப்பாக்கி செய்கிறவன் ரைபிளுக்கு ஏன் போகிறான்? போனால் ஒரு பத்திரிகையிலாவது செய்தி வராதா? இப்படி எதிராக நினைத்தேன். ஆனால் தங்கப்பாண்டி அந்த ரைபிளின் குறையையும் சொன்னார். "வெயில்ல கெடந்தா தோட்டா அடைக்கிற மேகசினக் கழட்ட வராதுண்ணாச்சி, இறுகிப்போகும். அதச் சொன்னோம், எழுதிக்கிட்டுப் போனாக" என்றார். கதை விடுகிறவன் கதையின் குறையைச் சொல்வானா? அந்த ஒரு சொல்லில் என் மனம் பாதி அவர் பக்கம் சாய்ந்துவிட்டது.

சென்னையில் எனக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வியாபாரிக்கு எழுதினேன். அவர் டெல்லியில் நடக்கும் ஆயுதக் கண்காட்சிகளுக்குப் போய்வருகிறவர். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. உறைக்குள் ஒரு நகல் தாள். படம், கம்பெனியின் பெயர், 'விற்பனைக்கு இல்லை, சோதனையில் உள்ளது' என்ற குறிப்பு. தங்கப்பாண்டி சொன்ன அதே பிளாஸ்டிக் உடம்பு. அவர் சொன்னபடியே ஸ்பேனர் இல்லாமல் கழற்றும் குழல். ஒன்றுகூடத் தப்பவில்லை!

அந்தத் தாளை நான் யாருக்கும் காட்டவில்லை. ஏன்? காட்டினால் அடுத்த நாளிலிருந்து "ஹவில்தாரக் கேளுங்க" என்றாகிவிடும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் சொல்லிக்கொள்ளவாவது நன்றாக இருந்திருக்கும்...

அது 2006, சட்டமன்றத் தேர்தல் சமயம். தேர்தல் வந்தால் உரிமம் உள்ளவர்கள் எல்லாரும் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ, எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். போடியிலிருந்து கூடலூர்வரை துப்பாக்கி வைத்திருப்பவர்கள் ஒரே இடத்தில் கூடுவது அப்போது மட்டும்தான். அன்று என் கடை கல்யாண வீடு மாதிரி இருந்தது. ஆளாளுக்குச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

போடி மலையில் பெரிய ஏலத்தோட்டம் வைத்திருக்கும் எஸ்டேட்காரர் ஒருவரும் வந்திருந்தார். தோட்டக் காவலுக்குத் தலைமையாக ஓர் ஆள் தேடிக்கொண்டிருந்தார். தங்கப்பாண்டிக்குத் தருவதாகப் பாதி பேசி முடித்திருந்தார். அந்த வேலை கிடைத்தால் தங்கப்பாண்டி இங்கேயே இருந்துவிடலாம். கிடைக்காவிட்டால் சென்னைக்குத்தான் போக வேண்டும். இருபது வருடம் பட்டாளத்தில் பிரிந்திருந்தவர். இனியாவது மனைவியோடு இருக்க வேண்டும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

பேச்சு அந்த ரைபிளுக்கு வந்தது.

"ஏங்க ஹவில்தாரே, ராணுவ ரைபிளு, அதுவும் பிளாஸ்டிக்கா? வீரபாண்டித் திருவிழாவுல விக்கிறாகளே பொம்மத் துப்பாக்கி, அதுவா?" என்றார் கம்பத்து விவசாயி ஒருவர். கடையே சிரித்தது.

"நான் தொட்டுப் பாத்ததச் சொல்றேன். சிரிக்கிறவுக சிரிங்க" என்றார் தங்கப்பாண்டி.

எஸ்டேட்காரர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. இப்பிடி ஒன்னு உண்டுமா, இல்லையா? எனக்கு ஆளு எப்படின்னு தெரியணும்ல."

தங்கப்பாண்டியும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயமே இல்லை. அண்ணாச்சி விசாரித்திருப்பார், சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கைதான் இருந்தது!

தாள் என் மேசை டிராயரில் இருந்தது. இழுத்தால் போதும்.

"நானும் மெட்ராஸ் வரைக்கும் விசாரிச்சுட்டேன். அப்பிடி ஒன்னு கெடையவே கெடையாது. பட்டாளத்துல இருந்து வந்தவுக நாலு கதை சொல்லத்தான் செய்வாக, விடுங்க" என்றேன்.

எவ்வளவு பெருந்தன்மையாகச் சொன்னேன் தெரியுமா! மன்னித்துவிடச் சொல்வதுபோல...

தங்கப்பாண்டி சுவரில் சாய்த்திருந்த தன் துப்பாக்கியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். பிறகு, "சரிங்க அண்ணாச்சி. ரசீதக் குடுங்க" என்றார். அவர் பெயரைத் தப்பாக எழுதி, அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அன்று மாலையே தாளைச் சுக்கலாகக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. சுருளிப்பட்டி டீக்கடையில் அவருக்கு 'பிளாஸ்டிக் பட்டாளம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். தேர்தல் முடிந்தது, எல்லாரும் வந்து துப்பாக்கியை வாங்கிப்போனார்கள். அவர் வரவில்லை. சென்னையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் காவலுக்குச் சேர்ந்துவிட்டார் என்றார்கள். அவருடைய ஒற்றைக் குழல் மூன்று வருடம் என் கடை ரேக்கில் இருந்தது. மாதம் ஒருமுறை நானே எண்ணெய் போட்டுத் துடைத்தேன். பரிகாரம் என்று நினைத்தேனோ? வெட்கக்கேடு!

அந்த ரைபிள் கடைசிவரை வெளியே வரவில்லை. கம்பெனிக்காரன் கைவிட்டுவிட்டான் போலிருக்கிறது. வந்திருந்தால் என் பொய் தானாக உடைந்திருக்கும். உடைந்திருக்கக்கூடாதா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்!

ஞாயிறுதோறும் சர்ச் ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை வாசிக்கிறேன். 'நினைவினாலும் வார்த்தையினாலும்' என்று பொதுவாகச் சொல்வது எவ்வளவு சுலபம்! அதில் தங்கப்பாண்டியின் பெயர் வருவதில்லையே.

2009இல் அவர் இறந்துபோனார். காவலுக்கு நின்ற இடத்திலேயே நெஞ்சுவலி. அருகில் சொந்தம் என்று யாரும் இல்லை. துப்பாக்கியை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு அவர் மனைவி பேச்சியம்மாள் கடைக்கு வந்தாள். கடையில் என்னையும் அவளையும் தவிர யாருமில்லை. எழுத வேண்டியதை எழுதி, கையெழுத்து வாங்கினேன். எழுந்தவள் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒன்னு கேக்கணும். அவுக ஒரு துப்பாக்கியப் பத்திச் சொல்லிக்கிட்டே இருந்தாகள்ல... போனுல பேசும்போதும் அதத்தான் சொல்லுவாக. அது நெசமா?"

கடவுள் எனக்கு இன்னொரு முறை கேள்வியைக் கொடுத்தார், பாருங்கள்! கேலி செய்ய ஆளில்லை. பறிபோக வேலையில்லை. 'நிஜம் தாயி' என்று இரண்டு சொல்...

"இல்லம்மா" என்றேன்.

அவள் நீளமாக மூச்சு விட்டாள். "நல்லதாப் போச்சுங்க அண்ணாச்சி. நானும் அவுகள நம்பல. 'ஊரே சிரிக்குது, இன்னும் என்னத்துக்கு இந்தப் பொய்யி'ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். அதுக்கப்பறந்தான் கெளம்பிப் போனாக. நெசமா இருந்திருந்தா நான் உசுரோட இருக்க முடியுமா?" என்று அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களாவது உள்ளதச் சொன்னீக" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

இனி அவளிடம் உண்மையைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள். அவளைக் காக்கத்தான் மறைத்தேன் என்று உங்களிடம் சொல்லலாம், நீங்களும் நம்பிவிடுவீர்கள். ஆனால் அவள் அழுது இதையெல்லாம் சொல்வதற்கு முன்பே நான் 'இல்லம்மா' என்று சொல்லிவிட்டேனே!