லூபென் பிடுங்கிய பிளக்

பெர்னிக் நிலக்கரிச் சுரங்கத்தில் இளமையைத் தொலைத்த லூபெனுக்கு, வயதான காலத்தில் நெஞ்சு நிறையக் கரித்தூள்தான் மிஞ்சியது. கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம் இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். உறுமல் சற்றுத் தடுமாறினாலும் மனைவி ரூமியானா அடுப்படியிலிருந்து ஓடி வருவாள்.

அந்தக் குளிர்காலத்தில் டிவியில் ஒரே பேச்சு. வீடுகளுக்கு அரசு தரும் மின்கட்டணச் சலுகையை நிறுத்தலாமா, கூடாதா என்று தலைநகர் சோபியாவில் கட்சிகள் மோதிக்கொண்டன. நிறுத்தினாலும் ஏழைகளுக்குத் தனி உதவி உண்டு என்றார் அமைச்சர். யார் ஏழை என்று யார் முடிவு செய்வது என்றது எதிர்க்கட்சி. ரூமியானா கணக்குப் போட்டுப் பார்த்தாள். லூபெனின் சுரங்க ஓய்வூதியம் அந்த 'ஏழை' வரம்புக்குச் சற்றே மேலே இருந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க இப்போதே ஹீட்டரை அணைத்துவிட்டு இருவரும் கோட்டோடு உட்கார்ந்தார்கள். இயந்திரத்தை மட்டும் தொடக்கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"தேர்தல்னா என் கட்டில் வரைக்கும் வந்து கையைப் பிடிப்பானுங்க. இப்போ பாரு, என் மூச்சை ஏலம் விடுறானுங்க," என்று லூபென் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு முந்தைய நாள், சலுகையை நிறுத்தக் கூடாதென்று நகராட்சி அலுவலகம் முன்னால் ஆர்ப்பாட்டம். பக்கத்து வீட்டு இவாங்கா விடாமல் அழைத்ததால் ரூமியானா போனாள். மேடையில் யார் யாரோ முழங்கினார்கள். பாதியிலேயே காரணம் தெரியாத பயம் பிடித்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு விரைந்தாள்.

கதவைத் திறந்தால் உள்ளே சத்தமே இல்லை. லூபென் கட்டிலில் சரிந்து கிடந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. பிளக் அவர் கையில் இருந்தது. அதைப் பிடுங்கிச் செருகி, குழாயை மூக்கில் மாட்டினாள். அவர் முகத்தில் நிறம் திரும்ப நெடுநேரமானது.

"என்ன காரியம் பண்ணின?"

"இது இல்லாம எவ்வளவு நேரம் தாங்குதுன்னு பார்த்தேன் ரூமி. சலுகை போச்சுன்னா பழகிக்கணும்ல."

"நீ பழகிக்குவ. நான் எப்படிப் பழகுறது?"



மறுநாள், கோடை வரை சலுகை தொடரும் என்று முடிவானது. இவாங்கா கொண்டாட ராக்கியா சாராயப் புட்டியோடு வந்தாள். ரூமியானா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அன்றிலிருந்து ரொட்டி வாங்கப் போவதென்றாலும் இவாங்காவைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுத்தான் போகிறாள். கோடைக்குப் பிறகு மீண்டும் விவாதம் உண்டு என்று செய்தியில் சொன்னார்கள். லூபென் அதைக் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவள் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.