ஒற்றைக் கண்மலர்

எழுபதுகளின் கடைசியில் என் வலது கண்ணில் விழித்திரை பிரிந்துபோய், சென்னையில் ஆபரேஷன் செய்தார்கள். இருண்டு கிடந்த கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது. ஆனால் உத்திரமேரூரில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே வந்தவர்களுக்கெல்லாம் தலைக்கு மேல் இன்னொரு தலை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

ஆபரேஷனில் கண்ணைச் சுற்றிக் கட்டிய ரப்பர் வார் தசையை இழுப்பதால் கண் விலகி நிற்கிறது, தானாகச் சரியாகாவிட்டால் மறுபடி கத்தி வைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வந்த பார்வையும் போய்விட்டால்? அந்தப் பயத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டிலும் உட்கார முடியவில்லை. ஏரிக்கரை மேல் போவதும் வருவதுமாகக் கிடந்தேன்.

சித்திரையில் சொர்ணவாரி நெல் போகத்துக்கு உழவு தொடங்கியது. என் நிலத்தை நானே உழுதுவிட்டால் கண் சரியாகிவிட்டது என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டு ஏரைப் பிடித்தேன். இரண்டு மாடும் நான்காயின. உழுத சால் எங்கெங்கோ போனது. வரப்பில் நின்ற அண்ணன் சிரித்தார்.

"இன்னாடா, ஏர் ஓட்றியா, கோலம் போட்றியா?"

சாட்டையைச் சேற்றில் வீசிவிட்டு வந்தேன். ஆபரேஷன் செய்த கண்ணை மூடிக்கொண்டால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். மூடி வைக்கவா அவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றியது?

அம்மா அழுதாள். "என் தப்புடா. மாரியாத்தாளுக்கு வெள்ளிக் கண்மலர் ஒரு ஜோடி வேண்டிக்கினேன். ஒரு கண்ணுலதான ஆபரேஷன்னு ஒண்ணத்தான் உண்டியல்ல போட்டேன். இன்னொண்ணு அரிசிப் பானையில கீது. அவ கோவிச்சிக்கினா."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை அவள் அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போன நேரம் முழுக்க, கரையில் நின்று ஒரு பனைமரத்தையே முறைத்துக்கொண்டிருந்தேன். மரம் இரண்டாகவே நின்றது.

திரும்பி வந்த அம்மா வாசலிலேயே கேட்டாள். "இப்போ எத்தினி தெரியுது?"

"ஒண்ணுதாம்மா."

கோயிலில் கொடுத்த எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். என் கை அதற்கு மேலே வெறும் காற்றைப் பிடித்தது.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, பழத்தை அதில் வைத்து அழுத்தினாள். "ரெண்டு கண்ணும் குடுத்தாச்சு. இனிமே அவகிட்ட கேக்க ஒண்ணுமில்ல. நாளைக்கு மொத பஸ்ஸுக்கு டாக்டருகிட்ட போறோம்."

விடிந்ததும் அம்மாவோடு முதல் பஸ்ஸில் ஏறினேன். அந்தப் போகம் என் நிலத்தை அண்ணன்தான் உழுதார்.