பதினெட்டாவது வீடு

எங்கள் நியூபவுண்ட்லாந்தில் நவம்பர் ஐந்தாம் தேதி ஊருக்கு ஊர் நெருப்பு மூட்டுவோம். எங்கள் ஊரில் அதில் ஒரு வைக்கோல் பொம்மையும் எரியும். நாட்டை அதிகமாகக் கெடுத்த அரசியல்வாதி எவனோ, அவன் பெயர்தான் பொம்மைக்கு. யார் என்று தீர்ப்புச் சொல்பவர் லியாண்டர் பட்ஜெல். சட்டம் படித்தவரில்லை, தொண்டை பெரிசு. அவர் தும்மினால் அயர்லாந்தில் ஆடு மிரளும்.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் அவருடைய படகுக் கொட்டகையில் கூடுவோம். நாட்டைக் கனடாவோடு கட்டி வைத்தவன், ஆற்று மின்சாரத்தை அடிமாட்டு விலைக்கு விற்றவன், அந்நியக் கப்பல் கடலை வழித்து நக்கும்வரை தூங்கிவிட்டு எங்களை மீன் பிடிக்காதே என்றவன் என்று ஆளாளுக்கு ஒருத்தனை இழுத்து வருவோம். எல்லாம் கேட்டுவிட்டு லியாண்டர் வருஷா வருஷம் சொல்வது ஒரே தீர்ப்பு: தீவுகளைக் காலி செய்த மந்திரி. அந்த மனுஷன் செத்தது ஒரு தடவை, நாங்கள் எரித்தது நாற்பது தடவை.

லியாண்டர் பிறந்த தீவில் இருபது வீடு. பதினெட்டு வீடு கையெழுத்துப் போட்டால்தான் ஊரைக் கிளப்பலாம் என்று அரசாங்கம் சொன்னது. கிளப்பிவிட்டார்கள். வீடுகளைக் கடலில் மிதக்கவிட்டு இழுத்து வந்தார்கள். அம்மாவின் கல்லறையை இழுத்து வர முடியவில்லை.

அவருடைய அக்கா செலினா நாலு வீடு தள்ளித்தான் இருந்தார். கொட்டகைப் பக்கம் மட்டும் வந்ததே இல்லை. அக்கா ஒரு தடவை வந்து, ஆமாம், அந்த மந்திரிதான் என்று சொல்லிவிட வேண்டும். லியாண்டருக்கு வேண்டியது அவ்வளவுதான். குடித்தால் மட்டும் இதைச் சொல்வார். தினமும் சொன்னார்.

பொம்மைக்குக் கோட்டு வீட்டுக்கு வீடு முறை வைத்துக் கொடுப்போம். செலினா அக்கா தன் முறை வந்தால் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். போன வருஷம் அவரே வந்தார். அடுத்த முறைக்கு நான் இருக்க மாட்டேன் என்றார்.

லியாண்டர் பதறிப்போய்த் தேநீர் ஊற்றினார், பாதி தரையில்.

"நீயே சொல்லுக்கா. யாரு பெரிய பாவி?"

அக்கா கோட்டை மேசையில் விரித்தார். "இது யாருதுன்னு தெரியுதா?"

லியாண்டருடையதேதான். இருபத்திரண்டு வயசில் மழையில் நனைந்து வந்து அக்கா அடுப்படியில் காயப்போட்டு, மறந்துபோன கோட்டு. அன்றைக்கு அவர் கையில் கையெழுத்துக் காகிதம். பதினேழு வீடு முடிந்திருந்தது.

"அந்த மந்திரிக்கு நம்ம வாசல் எந்தப் பக்கம்னே தெரியாதுடா. காகிதத்த நீட்டுனது நீ. பதினெட்டாவதா கையெழுத்துப் போட்டது நான்."

"பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரின்னு அவன்தானக்கா சொன்னான்."

"அவன் உன்கிட்ட சொன்னான். எங்கிட்ட நீ சொன்ன."

நாங்கள் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மந்திரிக்கு மூன்று தேர்தல் விடாமல் ஓட்டுப் போட்டவர்கள் எங்களில் பாதிப் பேர்.

லியாண்டரே பொம்மைக்குக் கோட்டை மாட்டினார். பொத்தானைத் தேடினார், ஒன்றுகூட இல்லை. அம்மா தைத்த பொத்தான்கள், வெட்டி வைத்துக்கொண்டேன் என்றார் அக்கா.

"ஒண்ணு குடுக்கா."

"வீடு வீடாப் போறதுல நீ கெட்டிக்காரனாச்சே. பதினெட்டுக் கையெழுத்து வாங்கிட்டு வா, தர்றேன்."

மறுநாள் பொம்மைக்கு யாரும் பெயர் வைக்கவில்லை. கம்பளிக் கோட்டு லேசில் தீப்பிடிக்கவில்லை. லியாண்டர் மூன்று தடவை பற்றவைத்தார்.