ஈரம் குடித்த சாக்ஸபோன்

மோசஸ் தன் வேலைக்காலம் முழுவதும் தேயிலை பேக்டரியில் ட்ரையர் பார்த்தவர். நசுக்கிய தேயிலையை ஈரம் போகக் காய வைக்கும் எந்திரம் அது. ஈரம் என்றால் அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து சூடு. அதுவும் மெதுவான, புகை இல்லாத சூடு.

ரிட்டயர் ஆன பிறகு குன்னூரில் கோயில் பேண்டில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார். போன மாதா திருவிழாவில், தேர் பாதி வழியில் போகும்போது அவருடைய பழைய சாக்ஸபோனில் ஸ்பிரிங் ஒன்று அறுந்துபோனது. அவர் வாசிப்பதுபோல் கன்னத்தை உப்பிக்கொண்டே கோயில்வரை நடந்தார்.

"மோசஸண்ணே, இன்னிக்கு நீங்க ஊதுனது மாதாவுக்கு மட்டுந்தான் கேட்டிருக்கும்" என்றான் பேண்ட் மாஸ்டர் டெனின். எல்லோரும் சிரித்தார்கள்.

ஸ்பிரிங்கை மாற்றியாகிவிட்டது. நம்பிக்கை மட்டும் திரும்பவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு ஞானஸ்நானம். மகள் கெஸியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குள் நுழையும்போது அப்பிச்சித் தாத்தாவின் வாத்தியம் ஊமையாகிவிடக் கூடாது. கைக்காவலாக இன்னொன்று வேண்டும் என்று தேட ஆரம்பித்தார்.

வெலிங்டனில் இளங்குமரன் என்பவரிடம் ஒன்று மலிவாகக் கிடைத்தது. பளபளப்புக்குக் குறைவில்லை. ஊதிப் பார்த்தால் மேல் சுரம் கிறீச்சிட்டது, கீழ்ச் சுரம் வரவே இல்லை.

"ரெண்டு மழைக்காலம் பொட்டிக்குள்ளயே கெடந்துச்சுங்க. ஓட்டைய மூடுற தோல் பேடெல்லாம் ஈரம் குடிச்சிருக்கு. காஞ்சா சரியாயிருமுங்க" என்றார் இளங்குமரன்.

"காய வெக்கறதுக்கு எங்கிட்டச் சொல்லோணுமா? பொறந்ததே அதுக்குத்தானுங்க" என்று மோசஸ் அதை வாங்கிக்கொண்டார்.

வண்டிச்சோலையில் அவர் வீடு. வாசலை ஒட்டிய அறையில்தான் கெஸியாவும் குழந்தையும் இருந்தார்கள். பிறந்து ஒரு மாதமே ஆன பிஞ்சு. கொட்டாவி விட்டால்கூட மோசஸ் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். பனிக்காற்று ஒரு நூலளவும் உள்ளே வரக் கூடாது என்று ஜன்னல் இடுக்கு முழுவதும் அவரே செய்தித்தாளை மடித்துத் திணித்து டேப் ஒட்டியிருந்தார். கதவின் அடியில் சாக்கைச் சுருட்டி வைத்திருந்தார். அவர் சாக்ஸபோனை எடுத்தாலே குழந்தை முகத்தைச் சுளித்து அழும். "சுருதி சுத்தமா இல்லீன்னா எம் பேத்திக்கு ஆகாது" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

வியாழக்கிழமை மதியத்திலிருந்து விடாத மழை. மனைவி ஜெஸிந்தா குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டி முடித்திருந்தாள். மிச்சமிருந்த தணலைப் பார்த்ததும் மோசஸுக்கு யோசனை வந்தது. அதைப் பெரிய கணப்புச் சட்டியில் கொட்டி, மேலே கரி போட்டு, வாசற்கூரைக்கு அடியில் விசிறிக் கனியவிட்டு உள்ளே தூக்கி வந்தார்.

"ஏனுங்க, கொழந்த இருக்கற ரூமுக்குள்ள எதுக்குங்க இது? பொகையாயிருமுங்க."

"நல்லாப் பாரு. பொகைன்னு ஒண்ணு இருக்குதா? கொழந்தைக்கும் கதகதன்னு இருக்கும், இதுவும் காஞ்சுரும்."

புகை இல்லைதான். பேக்டரியில் புகை வந்தால்தான் மேனேஜர் ஓடி வருவார். அங்கே ஆள் உயரத்துக்கு ஜன்னல்களும், கூரை தாண்டிப் போகும் சிம்னியும், ஓயாமல் சுற்றும் பேன்களும் இருந்தன. அதெல்லாம் அவர் நினைவுக்கு வரவில்லை. கதவைச் சாத்தி, சாக்கைக் காலால் அழுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சாக்ஸபோனைத் திருப்பித் திருப்பிச் சூடு காட்டினார். கொஞ்சம் ஊதிப் பார்ப்பார், மறுபடி காட்டுவார். கீழ்ச் சுரம் லேசாக எட்டிப் பார்த்தது. ஆனால் மூச்சு சீக்கிரமே தீர்ந்தது. காற்று எங்கேயோ ஒழுகுகிறது, மலிவுச் சரக்கு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டார். தலை பாரமாக இருந்தது. ஊதுகிற தலைவலி என்று அதற்கும் காரணம் வைத்திருந்தார்.

கெஸியா தூங்கிவிட்டாள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த ஜெஸிந்தா, கையில் ஒரு பல்லோடு சுவரில் சாய்ந்திருந்தாள். மழை ஓட்டின் மேல் ஒரே சீராக அடித்தது. இத்தனை நிம்மதியாக இந்த வீடு உறங்கி எத்தனை நாளாயிற்று என்று அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சாக்ஸபோன் கிறீச்சென்று கத்தியது. குழந்தை அழவில்லை.

பழகிவிட்டாள் என்று சிரித்தார். விளையாட்டாக அவள் பக்கம் திருப்பி இன்னொரு தடவை கத்தவிட்டார். இமைகூட அசையவில்லை. குனிந்து பார்த்தார். முகம் நல்ல ரோஜா நிறத்தில் அழகாக இருந்தது. அவள் இவ்வளவு சிவப்பாக ஒருநாளும் இருந்ததில்லை.

"ஜெஸி."

பதில் இல்லை. பூண்டுப் பல் கையிலிருந்து உருண்டது.

எழுந்தார். முழங்கால் இரண்டும் வேறு யாருடையதோபோல மடங்கின. குழந்தையை நெஞ்சோடு இடுக்கிக்கொண்டு தவழ்ந்தார். சாக்கு இறுகிக்கொண்டு கதவு நகர மறுத்தது. விரலால் பிராண்டி அதை இழுத்தெறிந்தார். கதவு திறந்ததும், இத்தனை நாள் அவர் விரட்டிய அந்தப் பனிக்காற்று முகத்தில் அறைந்தது. மழைக்குள் போய் விழுந்தார்.

"பிலோமி" என்றார். குரல் வரவில்லை. இன்னொரு தடவை கத்தினார்.

பக்கத்து வீட்டுப் பிலோமி வந்து உள்ளே ஒரு பார்வை பார்த்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கெஸியாவையும் ஜெஸிந்தாவையும் வெளியே இழுத்துப் போட்டாள். குழந்தையைப் பிடுங்கி உள்ளங்காலில் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்து, பூனைக்குட்டிபோல ஒரு சத்தம் வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ரூமுக்குள்ள கரி போட்டீங்களா?" என்பதுதான். ஒவ்வொரு குளிருக்கும் கேட்டுப் பழகிய குரல் அது. புகையே இல்லாத கரியிலிருந்தும் மூடிய அறைக்குள் விஷவாயு சேரும் என்றார். நாலு பேருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள்.

விடிந்ததும் கெஸியா கண் திறந்தாள். குழந்தையை வாங்கி, அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் உங்கம்மாளுக்கும் பாப்பாவுக்கும் பயமில்லைன்னுட்டாரு கண்ணு" என்றார் மோசஸ்.

"செரிங்கப்பா. ஊட்டுக்குப் போயி அந்த ஜன்னலெல்லாம் தொறந்து வெச்சுட்டு வாங்க. அதுக்கப்பறம் நாங்க வாறோம்." அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தூக்கிக்கொள்ள அவர் நீட்டிய கையையும் பார்க்கவில்லை.

வீட்டில் கதவு திறந்தபடியே கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். டேப்பைக் கிழித்துச் செய்தித்தாளைப் பிய்த்தெறிந்தார். ஜன்னல் வழியே பனி உள்ளே இறங்கியது. கணப்புச் சட்டியைத் தூக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார். சாம்பலுக்கு அடியில் ஒரு கரித்துண்டு இன்னும் சிவந்து கிடந்தது. புகை இல்லை, வாசம் இல்லை, சத்தம் இல்லை.

சட்டியைத் தொடவே அவருக்குத் தைரியம் வரவில்லை. வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து, வாசற்படியில் நின்றபடியே கொட்டினார்.