போர்ச்சுக்கீசியர் விட்டுப்போன பதினேழு

மாமா விசிட் விசாவில் ஷார்ஜாவுக்கு வந்து எங்கள் ஹாலில் பாய் விரித்த அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் ஒழுங்காக உட்காரவில்லை. மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. காலையில் சட்டைக்கு இஸ்திரி போடுவார், டை கட்டுவார், இன்டர்வியூவுக்கு துபாய் பஸ் ஏறுவார். சாயங்காலம் திரும்பி வந்து ஹாலுக்கும் பால்கனிக்குமாக நடப்பார். "கூப்பிடுதோம்னு சொல்லிருக்கான்க்கா" என்பார். ஒருவனும் கூப்பிட மாட்டான். அவர் நடப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கால் நிற்காது. அப்போது எனக்குப் பத்து வயது. ஹோம்வொர்க் நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே நானும் நடப்பேன். "ரெண்டு பேரும் தரையைத் தேச்சு ஓட்டை போட்டுருங்க, கீழ் வீட்டுக்காரன் வந்து நிக்கட்டும்" என்று அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள்.

நிதானமாக இருந்தது அப்பா மட்டும்தான். அவர் சர்வேயர். பாலைவனத்துக்குள் புதிதாகப் போட இருந்த ஒரு ரோட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். தொழிலே அளப்பது என்பதால் பேச்சையும் அளந்துதான் பேசுவார். அவருடைய எஞ்சினியர் ஒருமுறை எல்லோர் முன்னாலும், "இவன் வைத்த பாயிண்டா? செக் பண்ண வேண்டாம், மேலே வேலையைப் பாருங்கள்" என்று இந்தியில் சொன்னாராம். அப்பா அதை வீட்டில் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அம்மாதான் போன் கார்டு வாங்கி ஊரில் உள்ள அத்தனை சொந்தக்காரர்களுக்கும் சொல்லித் தீர்த்தாள். பாயிண்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. பரீட்சையில் வாங்கும் மார்க் மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன்.

மாமாவுக்குப் பழங்காசுப் பைத்தியம் பிடித்தது ஷேர் டாக்ஸியில். டிரைவர் ஒரு வயதான பட்டாணியர், பாகிஸ்தான்காரர். அந்தக் காலத்தில் இந்த நாட்டில் இந்திய ரூபாய்தான் ஓடியது, வியாபாரிகள் ஒட்டகத்தோடு காஃப் மரத்தடியில் தங்கிப் போவார்கள், மடியிலிருந்து விழுந்த காசெல்லாம் இன்னும் மணலுக்குள்தான் கிடக்கிறது என்று அவர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு இது போதாதா? விசா முடியப் பத்தொன்பது நாள் இருந்தது. வேலை இல்லாமல் ஊர் திரும்பினால் தெருவில் தலைகாட்ட முடியாது என்று தினமும் புலம்பிக்கொண்டிருந்தவர், அன்றிலிருந்து என்னிடம் காசைப் பற்றி மட்டுமே பேசினார்.

அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மற்றவர்கள் பிள்ளைகளைக் கடற்கரைக்கோ பூங்காவுக்கோ கூட்டிப் போவார்கள். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே இடம் அவருடைய சைட். அந்த வெள்ளிக்கிழமையும் பிரியாணிச் சட்டியோடு அங்கேதான் போனோம். சைட்டை ஒட்டி ஒரு காஃப் மரக்காடு இருந்தது. காஃப் என்றால் நம்மூர்க் கோயில்களில் நிற்கிற வன்னி மரம்தான். அதனால் அம்மா காரைவிட்டு இறங்கியதும் முதல் மரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

காரின் பின்பக்கத்தில் ஒரு நீளமான கருவி கிடந்தது. கீழே வட்டத்தட்டு, மேலே கைப்பிடி. முந்தின நாள் சாயங்காலமே கம்பெனி ஸ்டோரில் ஒப்படைத்திருக்க வேண்டியது. சாமான் வாங்கப் போக வேண்டும், சீக்கிரம் வாருங்கள் என்று அம்மா போனில் அவசரப்படுத்தியதில் அப்பா அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டார். வெளியே கொண்டுபோனது தெரிந்தால் வேலையே போய்விடும், யாரும் அதைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்.

"இது எதுக்கு அத்தான்?" என்று மாமா கேட்டார்.

"மண்ணுக்குள்ள கிடக்கதத் தேடுததுக்கு" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

பிரியாணி தின்றுவிட்டு அப்பா மரத்தடியில் துண்டை விரித்துக் கண்ணயர்ந்தார். அம்மாவும் சாய்ந்தாள். மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன். அடுத்த நிமிடம் நாங்கள் இருவரும் கருவியோடு காட்டுக்குள் இருந்தோம்.

ஐயோ, அந்தக் கருவி போடுகிற சத்தம் இருக்கிறதே! முதல் 'கிய்யோ'வுக்கே என் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. தோண்டினால் பெப்சி டப்பாவின் மூடி. அடுத்தது மத்தி மீன் டப்பா. அப்புறம் கபாப் குத்துகிற கம்பி, கூடாரம் அடித்த முளை, மறுபடியும் பெப்சி. "இந்த ஊர்க்காரன் பெப்சி குடிக்கத்தான் பாலைவனத்துக்கே வாரான் போலுக்கு" என்று மாமா சலித்துக்கொண்டார். மாமாவால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை. இங்கே நாலு தட்டு, அங்கே நாலு தட்டு என்று ஓடிக்கொண்டே இருந்தார். நான் பின்னால் ஓடினேன். அப்பா விழிப்பதற்குள், அப்பா விழிப்பதற்குள் என்று எனக்குள் ஒரே அவசரம்.

காட்டின் ஓரத்தில், மரங்கள் முடிகிற இடத்தில், கருவி நிறுத்தாமல் அலறியது. பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய ஒரு கம்பு சாய்ந்து கிடந்தது. தோண்டுவதற்கு வாகாக இருக்கிறதே என்று மாமா அதையே எடுத்துக்கொண்டார். ஒரு சாண் மணலுக்குக் கீழே, காரைக்கு நடுவே, பித்தளையில் வட்டமாக ஒரு தலை தெரிந்தது. அதன் மேல் சிலுவைக் குறி.

மாமா மண்டியிட்டுவிட்டார். "ஏ பிள்ள, போர்ச்சுக்கீசியன்லா! இங்கெல்லாம் அவன் கோட்டை கட்டி ஆண்டிருக்காம்ட்டி. இது அவன் முத்திரை."

"சிமெண்ட் மாதிரி இருக்கே மாமா."

"அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரை அப்படித்தான் இருக்கும். சும்ம கெட."

காரிலிருந்து வீல் லீவரை எடுத்து வந்து இடித்து, ஆட்டி, நெம்பி, இருவரும் சேர்ந்து இழுத்ததில் அது வெளியே வந்தது. தலைக்குக் கீழே ஒரு சாண் நீளக் கம்பி. மாமா குழியை மூடி, மணலைக் காலால் தடவிச் சமப்படுத்தினார். காரைத் துண்டுகளை ஒரு மரத்துக்குப் பின்னால் வீசினார். பழம்பொருளெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தம், அத்தான் பயந்த ஆள், அதனால் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நாங்கள் திரும்பியபோது அப்பாவுக்கு லேசான குறட்டை.

அன்று சாயங்காலம் அப்பாவும் அம்மாவும் வெளியே கிளம்பியதும், மாமா அதைப் புளி போட்டுத் தேய்த்தார். சிலுவைக்குக் கீழே 17 என்று எண் தெளிவாகத் தெரிந்தது.

"பாத்தியா? பதினேழாம் நூற்றாண்டுன்னு எழுதியே வச்சிருக்கான்!"

எந்தப் போர்ச்சுக்கீசியன் நூற்றாண்டை எழுதிவைப்பான் என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. அப்படியொரு சந்தோஷம் எங்களுக்கு. அதை என் ஸ்கூல் பையில் ஒளித்தோம். "உன் பையை எவன் தொறக்கப் போறான், உள்ள இருக்கது புத்தகம்லா" என்றார் மாமா.

மறுநாள் காலை அப்பா யாருக்கும் தெரியாமல் கருவியை ஸ்டோரில் வைத்துவிட்டார். அதோடு அந்தக் கவலை தீர்ந்தது என்று நினைத்திருப்பார். சாயங்காலம் ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பதினேழ காணும்" என்றார் அம்மாவிடம்.

ரோடு எந்த வழியே போக வேண்டும் என்று அளந்து, வழியில் அங்கங்கே பித்தளைத் தலை வைத்த கம்பியைக் காரையில் பதித்து, நடுப்புள்ளியைக் காட்டச் சிலுவைக் குறியும் அதன் கீழே நம்பரும் வெட்டுவார்களாம். அதுதான் பாயிண்ட். மணல் மூடிக்கொண்டால் தேடிக் கண்டுபிடிக்கத்தான் அந்தக் கருவி. இன்று பெரிய எஞ்சினியர் வந்து பார்த்தபோது பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது, பதினேழு இல்லை. பதிக்காமலே பதித்ததாகப் பேப்பரில் எழுதிவிட்டாயா என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். நாளை சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"நீங்க வச்சது உங்களுக்குத் தெரியும்லா, அப்பறம் என்ன?" என்றாள் அம்மா.

"எனக்குத் தெரிஞ்சு என்ன செய்ய? அவனுக்குத் தெரியணுமே."

மாமா திடீரென்று எழுந்துபோய், ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டைக்கு மறுபடியும் இஸ்திரி போட ஆரம்பித்தார். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் மாமா காதருகே, "ரெண்டே நாள் பொறு மக்ளே, திங்கக்கிழமை எனக்கு இன்டர்வியூ" என்றார். இன்டர்வியூவுக்கும் பதினேழுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் பை என் காலருகே கிடந்தது. காலை அங்கே வைத்தேன், இங்கே வைத்தேன். உட்கார்ந்த இடம் முள்ளாகக் குத்தியது. "உனக்கு இன்னைக்கு என்ன ஆச்சு?" என்று டீச்சர் இரண்டு முறை இங்கிலீஷில் கேட்டார். அப்பாவுக்கு வேலை போய்விடும், விசா போய்விடும், என்னை ஊருக்குக் கொண்டுபோய் முன்பின் தெரியாத பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்கள். என் கவலை அவ்வளவுதான். எல்லாமே என்னைப் பற்றி.

அன்று அப்பா நாலு மணிக்கே வந்துவிட்டார். ஆறு மணிக்கு அந்தப் பெரிய எஞ்சினியருக்குப் போன் செய்ய வேண்டும். மாமா பால்கனியிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, நான் பையைத் திறந்து அதை அப்பா மடியில் போட்டேன். போட்ட வேகத்தில் அழுதும் விட்டேன்.

அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நம்பரைக் கட்டை விரலால் தடவினார். அடி விழும் என்று நான் தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவர் கேட்டதெல்லாம், "புளி போட்டா தேச்ச?" என்பதுதான்.

விஷயம் தெரிந்ததும் அம்மா மாமாவை அடிக்கவே போய்விட்டாள். "ஏலே, நீ உருப்படுவியா? சோறு போட்ட வீட்டுல இப்படியா செய்வ?"

மாமா அழுகிற மாதிரி நின்றார். "அத்தான், நான் வந்து சொல்லிருதேன். நான்தான் பிடுங்கினேன்னு சொல்லுதேன்."

"எத வச்சுக் கண்டுபிடிச்சன்னு கேப்பாம்லா மாப்ள?" என்றார் அப்பா. "மிஷின் உன் கைக்கு எப்படி வந்துச்சும்பான். அன்னைக்கே எனக்கு ஊருக்கு டிக்கெட் எடுத்துருவான். வச்சேன்னு சாதிச்சாலும், பிடுங்கினது யாருன்னு தேடிக்கிட்டு இங்கதான் வந்து நிப்பான்."

அப்பா அந்தப் பித்தளையை ஜன்னல் திண்டில் வைத்தார். ஆறு மணிக்குப் போனை எடுத்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில், எனக்கு நன்றாகப் புரிகிற மாதிரி, அந்தப் பாயிண்டை நான் வைக்கவில்லை சார், வைத்ததாக எழுதிவிட்டேன், தப்புதான் சார், இனி நடக்காது என்றார். அதையே மூன்று தடவை சொன்னார்.

எனக்குத் தாங்கவில்லை. "அப்பா, நீங்கதான வச்சீங்க?"

"வச்சேன்."

"அப்ப ஏன் வைக்கலைன்னு சொன்னீங்க?"

"ஹோம்வொர்க் எழுதிட்டியா?" என்றார்.

ஒரு வார்னிங் லெட்டரோடு முடிந்தது. வேலை போகவில்லை, விசா போகவில்லை, நான் ஊருக்குப் போகவில்லை. அப்பாடா! அன்று நான் நாலு தோசை தின்றேன். மாமா ஆறு. இவ்வளவு லேசாக ஒரு பொய் சொல்லிக் கழன்றுகொள்ளலாம் என்றால் நேற்றே சொல்லியிருக்கலாமே, நான் ஒரு பகல் முழுக்கத் தவித்திருக்க வேண்டாமே என்று அப்பாமேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அப்பா சாப்பிடவில்லை. வெயிலில் அலைந்த களைப்பு என்று நினைத்தேன். அந்தப் பித்தளையை நான் வைத்துக்கொள்ளட்டுமா என்று வேறு கேட்டேன். "வச்சுக்கோ" என்று எடுத்து நீட்டினார்.

மாமா விசா முடிந்து ஊருக்குப் போய்விட்டார். இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். கல்யாண வீடுகளில் போர்ச்சுக்கீசியன் கதையைச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பார். தோசையோடு கதையை முடித்துவிடுவார்.

வார்னிங் லெட்டர் வந்த அடுத்த வாரத்திலிருந்து அப்பாவின் காரில் ஒரு மலையாளி அங்கிள் வர ஆரம்பித்தார். நரைத்த மீசை, எப்போதும் சிரித்த முகம். காலையில் எங்கள் கட்டிடத்துக்குக் கீழே வந்து நிற்பார். என்னைப் பார்த்தால் பையிலிருந்து நேந்திரங்காய் சிப்ஸ் எடுத்துத் தருவார். அப்பா பதிக்கிற ஒவ்வொரு பாயிண்டையும் திரும்ப அளந்து, சரி என்று அவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கம்பெனி ஏற்றுக்கொள்ளும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் சிப்ஸ். மௌனமாகத் தனியே போய்க்கொண்டிருந்த அப்பாவுக்குப் பேச்சுத் துணைக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலை அப்பா ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது, வாய் நிறைய சிப்ஸோடு கேட்டேன்.

"அப்பா, அந்த அங்கிள் இனிமே தினமும் உங்ககூட வருவாங்களா?"

அப்பா கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

"வருவார். நான் இங்க இருக்க வரைக்கும் வருவார்."

நான் கைதட்டிக் குதித்தேன்.